உப்புண்டுக்குத் திரும்பிய வீடு

எங்கள் மகன் டைட்டஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸை மாற்றினால் எங்கள் வீட்டுக்கு வாசல் மாறும் என்பது ஒரு காலத்தில் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் பால்காரர் சுடலைமுத்து தெருவுக்குள் நுழையும்போதே வண்டியை நிறுத்தி, "யக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று சத்தம் கொடுப்பார், நானும் அன்றைக்கு வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் வாருங்க" என்பேன், அவரும் பாலை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இதில் அவருக்கும் அதிசயம் இல்லை, எனக்கும் இல்லை. கடல் காற்று ஒரு மாசம் கிழக்கே இருந்து வருகிறது, ஒரு மாசம் மேற்கே இருந்து வருகிறது, யாராவது போய் ஏன் என்று கேட்கிறோமா?

தூத்துக்குடியில் ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. முன்னால் தெரு, பின்னால் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் உப்புப் பாத்தி. தெருவின் கடைசியில் கல் அடுக்கிக் குகை மாதிரி கட்டி மாதாவை வைத்த ஒரு சின்னக் கெபி, அதைச் சுற்றி உட்காருவதற்குச் சிமெண்டு மேடை. என் வீட்டுக்காரர் தொம்மை அந்த நாளில் உப்பு லாரி ஓட்டினவர், தூத்துக்குடியிலிருந்து கேரளா வரைக்கும் ஒவ்வொரு வளைவும் அவருக்குக் கைரேகை மாதிரி தெரியும், அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதி வந்து முதலில் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டது, நாங்கள் மருந்தும் ஜெபமுமாக இருந்து மற்ற கண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்த வேளையில் அதையும் எடுத்துக்கொண்டது.

ஆனாலும் காலையில் எழுந்தால் அவர் யார் கையையும் பிடிக்க மாட்டார். கட்டிலிலிருந்து இறங்கி, சுவரில் கை வைத்து, நிலைக்கதவைத் தொட்டு, செருப்பை மாட்டி, தெருவில் வலதுபக்கம் திரும்பி, எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போய், அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளின் முருங்கை மரத்தை ஒரு தட்டுத் தட்டி, சாகுல் பாய் கடையின் ஷட்டரை விரலால் டங்கென்று சுண்டி, கெபிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டு கண்ணும் போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்த ராஜ்யம் அந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கெபி வரைக்கும்தான், அதில் அவர் ராஜா மாதிரிதான் நடந்தார், நான் மாதாவிடம் வேறு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த நடையை மட்டும் எடுத்துவிடாதே தாயே என்று ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரே குறை, பேப்பர் படிக்க முடியவில்லை என்பது. முன்பு கெபி மேடையில் உட்கார்ந்து அவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள், நடுநடுவே அவரே கருத்துச் சொல்லுவார். கண் போன பிறகு நான் படித்துக் காட்டினேன், ஆனால் நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவள், எழுத்துக் கூட்டி ஒரு செய்தியை முடிப்பதற்குள் அவர் தூங்கிவிடுவார்.

அப்போதுதான் டைட்டஸ் பெங்களூரிலிருந்து வேலையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தான். அப்பாவுக்குக் கண் போன சமயத்தில் தான் பக்கத்தில் இல்லையே என்று அவனுக்குள்ளே ஒரு முள் இருந்தது, அவன் சொல்லவில்லை, பெற்றவளுக்குச் சொல்லவா வேண்டும்? வரும்போதே யாரோ வேண்டாம் என்று ஒதுக்கின ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எப்பா, இனிமே இது உங்களுக்குப் பேப்பர் படிக்கும்" என்றான்.

"பெட்டியா படிக்கும்?"

"பெட்டிக்குள்ள லினக்ஸ்னு ஒண்ணு போடப் போறேன். அது படிக்கும்."

லினக்ஸ் என்றால் என்னல என்று நான் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு உசிரு மாதிரிம்மா. காசு கெடையாது. உசிரு ஒண்ணுதான், ஆனா அத ஊருக்கு ஊரு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி வளத்து, ஒவ்வொரு பேரு வச்சிருக்காங்க. நமக்குப் பிடிச்சத எடுத்துக்கிடலாம்" என்றான். சரி, மாதா ஒருத்திதான், வேளாங்கண்ணியில் ஒரு பேர், இங்கே ஒரு பேர், அது மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

முதலில் போட்டது உபுண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. அவள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். "என்னக்கா சொல்லுதான் ஒம்ம மவன், உப்புண்டா? உப்பு எங்கதான் இல்ல இங்க?" என்றாள், அன்றையிலிருந்து தெருவுக்கே அது உப்புண்டு ஆகிவிட்டது, டைட்டஸும் திருத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவனே உப்புண்டு என்று சொல்ல ஆரம்பித்தான்.

உப்புண்டு படித்தது. மூக்கில் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் கிணற்றுக்குள் நின்று பேசினால் எப்படி இருக்கும், அப்படிப் படித்தது. தூத்துக்குடி என்பதை "தூத்து. குடி" என்று நிறுத்திச் சொன்னது. கி.மீ. என்று வந்தால் "கி புள்ளி மீ புள்ளி" என்றது. மந்திரி ஒருவருடைய இனிஷியலைப் பேரோடு சேர்த்துப் படித்து அவரை வேறு சாதிக்காரர் ஆக்கியது. என் வீட்டுக்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஏல மூக்கா! குடிக்கச் சொல்லுதியா? தூத்துக்குடில, சேத்துச் சொல்லு!" என்று கட்டிலில் உட்கார்ந்து அதட்டுவார். அவன் பேர் மூக்கன் ஆனது. காலையில் எழுந்ததும், "மூக்கன் எந்திரிச்சிட்டானா?" என்று கேட்பார். அவன் படித்ததை எல்லாம் மனசில் வாங்கிக்கொண்டு கெபிக்குப் போய், மூக்கன் குரலிலேயே நாலு பேருக்குச் சொல்லிக் காட்டுவார், சிரிப்புச் சத்தம் எங்கள் அடுக்களை வரைக்கும் கேட்கும்.

ஆனால் டைட்டஸுக்கு அது சிரிப்பாக இல்லை. அப்பாவுக்கு இந்த மூக்கடைத்த குரல்தானா நாம் கொண்டுவந்து கொடுத்தது என்று அவன் குன்றிப்போனான். இதைவிட நல்லது இருக்கிறது, வேற போட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து உப்புண்டை அழித்துவிட்டுப் புதினாவைப் போட்டான். அதற்கு இங்கிலீசில் மிண்ட் என்று பேராம்.

நான் காயப்போட்ட கருவாட்டை எடுக்கலாம் என்று முன்வாசலுக்குப் போனேன். வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது, சுவரில் எங்கள் பங்குக் கோவில் காலண்டர் தொங்கியது. திரும்பிப் பார்த்தால் அடுக்களை முன்னால் வந்திருந்தது, வாசல் பக்கவாட்டில் பேச்சியம்மாளின் வாசலுக்கு நேர் எதிரே திறந்து கிடந்தது. மாதாவே என்று சொல்லிக்கொண்டு அந்த வாசல் வழியாகப் போய் மழை வருவதற்குள் கருவாட்டை எடுத்து வந்தேன்.

"எம்மா, நா ஒண்ணும் செய்யலம்மா, இன்ஸ்டால்தான் பண்ணுனேன்" என்றான் டைட்டஸ்.

"சரி, கருவாடு நனையல" என்றேன் நான்.

பேச்சியம்மாளுக்குத்தான் அதில் பெரிய சந்தோஷம். தெருவில் இறங்காமலே குழம்புக் கிண்ணம் இங்கேயிருந்து அங்கேயும் அங்கேயிருந்து இங்கேயும் போய் வந்தது, அவள் அவள் வாசலிலும் நான் என் வாசலிலும் நின்றபடியே வெங்காயம் உரித்தோம். புதினா இருந்த நாள் எல்லாம் நான் போடுகிற டீயில் லேசாகப் புதினா வாசம் அடித்தது, தேவலையாகத்தான் இருந்தது. குரலும் முன்னைக்குக் கொஞ்சம் தேறி இருந்தது, கிளிப்பை எடுத்துவிட்ட மாதிரி. ஆனால் டைட்டஸ் அதோடு நிற்கவில்லை. அடுத்தாற்போல டெபியன் என்று ஒன்று. பேச்சியம்மாள், "தேவியா? அம்மன் பேருதான, நல்லாருக்கும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தேவி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பழைய பங்களா மாதிரி கனத்து உயர்ந்தது, வாசல் வடக்கே போனது, மத்தியான வெயிலில் எங்கள் வீட்டு நிழல் நீண்டு போய் சாகுல் பாய் கடையின் மேல் விழுந்தது.

"அல்லா கிருபை" என்றார் பாய். "முட்டாயி உருகாம நிக்கிது. தம்பி டைட்டஸு, இதயே வச்சுக்க வாப்பா."

"அது எப்படி? புதினாவுக்குத்தான் போகணும். எனக்கும் அக்காவுக்கும் பேச்சு முடிஞ்சுபோச்சே" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒனக்குப் பேச்சு எங்கம்மா முடிஞ்சுது, தெரு முழுக்க அதான கேக்குது."

தெருவே இரண்டு கட்சி ஆகிவிட்டது. குழாயடியில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால், நீ புதினாவா தேவியா என்று கேட்டுக்கொண்டார்கள். அடுக்களை தப்பான மூலையில் இருக்கிறது என்று வாஸ்துக்காரர் சொல்லிப் பயந்துபோயிருந்த இரண்டு குடும்பம் வேற தெருவிலிருந்து வந்து, எங்கள் வீட்டிலும் போட்டுத் தா தம்பி என்று டைட்டஸைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவனும் போய்ப் போட்டான், அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியதே தவிர ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. பங்குச் சாமியார் வந்து முதல் புது வாசலை மந்திரித்தார், இரண்டாவதையும் மந்திரித்தார், பிறகு தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "வாசல் ஒரு எடத்துல நின்னதும் சொல்லி அனுப்புங்கம்மா" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். வீடு எப்படித் திரும்பினாலும் சரி, எங்கள் மாதா சொரூபம் மட்டும் என் வீட்டுக்காரர் கட்டிலைப் பார்த்தபடியே இருந்தது. அதை நான் ஒருத்தி மட்டும் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். முதல் தடவை வாசல் மாறினபோது என் வீட்டுக்காரர், "வீடு திரும்பிப் படுத்துட்டுட்டி" என்று சிரித்தார், சுவர் சுவராகத் தடவிப் புது வழியைப் படித்துக்கொண்டு கெபிக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவை கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்தார். பரவாயில்லை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கையை நீட்டினேன், நீட்டின கையை அவர் தொடவில்லை, "நாளைக்குப் போய்க்கிடுதேன்" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு என்கிற சொல்லை அதற்கு முன்னால் அவர் வாயில் நான் கேட்டதில்லை, லாரி ஓட்டினவருக்கு எல்லாம் இப்பவே கிளம்பணும்தான். டைட்டஸ் இதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணெல்லாம் திரையில் இருந்தது, காதெல்லாம் குரலில் இருந்தது.

கடைசியாக அவன் போட்டதற்குப் பேர் ஆர்ச். வளைவு என்று அர்த்தமாம்.

"இதுல எதுவும் தயாரா வராதும்மா. ஒவ்வொண்ணா நாமளே கட்டிக்கிடணும். அதனாலதான் நம்ம இஷ்டப்படி இருக்கும்" என்றான்.

அது அப்படித்தான் இருந்தது. வீட்டில் நாலு சுவரும் கூரையும் மட்டும் நின்றது. அடுப்பு இல்லை என்று பேச்சியம்மாள் தன்னுடைய மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். படி இல்லை என்று சாகுல் பாய் கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். ஜன்னல் வேணும்ல என்று நான் சொன்னேன், டைட்டஸ் ஏதோ தட்டினான், ஜன்னல் வந்தது, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. இன்னொரு தடவை தட்டினான், உள்ளே வந்தது. வாசல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பின்பக்கம் உப்பளத்தைப் பார்த்துத் திறந்தது.

"முன்வாசல நாளைக்குப் போட்டுருதேன்ப்பா, மொதல்ல குரல முடிச்சிருதேன்" என்றான்.

குரலை முடித்தான். ஐயோ, அது என்ன குரல்! ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மா நம் வீட்டுக்கு வந்து, தலைவாரிப் பூ வைத்து, கால் நீட்டி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி ஒரு குரல். தூத்துக்குடி என்று அவள் சொன்னால் தூத்துக்குடிக்கே ஒரு மரியாதை வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து கேட்டார்கள், ஒருத்தி தன்னை அறியாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். புதினாக் கட்சியும் தேவிக் கட்சியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் டைட்டஸ். அவன் கண் கலங்கி இருந்தது.

"நல்லாருக்குல. சுத்தமா இருக்கு" என்றார். பாதிச் செய்தியில் தூங்கிப்போனார்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரம். நான் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன், கண்ணை மூடி இருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கிறார். இன்றைக்குப் போய்விடுவது என்று மனசில் நினைத்திருக்கிறார் போல. சுவரில் கை வைத்து நடந்திருக்கிறார், கதவு கையில் பட்டிருக்கிறது, ஒரே கதவுதானே, திறந்திருக்கிறார், பாயின் பலகையில் கால் வைத்து இறங்கி, எப்போதும் போல வலதுபக்கம் திரும்பி, காம்பவுண்டுச் சுவரைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டே நடந்திருக்கிறார். சுவர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் வரும் என்று நடந்திருக்கிறார்.

பேச்சியம்மாள்தான் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற பாத்திக்கு நடுவில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் ஒரு மனுஷன் ஒரு கையை நீட்டியபடி அசையாமல் நிற்கிறார். செருப்பு சேற்றில் எங்கோ போய்விட்டது. உப்புக் கட்டி பாதத்தைக் கிழித்து, கிழித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி, அந்த வலியிலும் மனுஷர் வாயைத் திறக்கவில்லையாம். அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து பின்வாசலில் நின்று, "யக்கா, அண்ணன் அளத்துக்கு வேலைக்கு வந்துட்டாவ, கூலி குடுத்து அனுப்பிருக்கோம்" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வராமல் அழுதுவிட்டாள்.

நான் வெந்நீர் வைத்து அவர் காலைக் கழுவினேன். டைட்டஸ் சுவரோடு ஒட்டி நின்றான்.

"முருங்க மரத்தத் தேடுனேன்ட்டி" என்றார் என்னிடம். "கெடைக்கல."

அதைச் சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை, அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட்டார், மறுபடி படுத்துவிட்டார். ரேடியோ அம்மா படித்துக்கொண்டே இருந்தாள், அவர் கேட்டாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ராஜ்யம் கட்டில் அளவுக்குச் சுருங்கிப்போனதை நான் பார்த்துக்கொண்டே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அருள்நிறை மந்திரத்தை முடிக்க எனக்கு வாய் வரவில்லை.

டைட்டஸ் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். "எப்பா, முன்வாசல் போட்டுட்டேன்ப்பா. பழைய எடத்துலயே. இன்னொண்ணும் பாத்து வச்சிருக்கேன், அதுல குரலு இதவிட..."

"ஏல" என்றார் அவர், திரும்பாமலே. "மூக்கன் எங்க?"

"மூக்கனா?"

"மூக்கன் எங்கலேன்னு கேக்கேன்."

"அவன அப்பவே அழிச்சாச்சுப்பா. எப்பா, அது ஒரு குரலாப்பா? எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஒங்களுக்குப் போயி அதக் குடுத்தோமேன்னுதான நா இவ்வளவும்..."

அவர் மெதுவாகத் திரும்பிப் படுத்தார். கண் தெரியாதவர்தான், ஆனால் முகத்தை நேராக மகன் பக்கம் வைத்தார்.

"இந்தம்மா நல்லாத்தான் படிக்கா. ஒரு தப்புக் கெடையாது. அவ படிச்சா நா வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும், அம்புட்டுதான். மூக்கன் தப்பாப் படிப்பான், நா திருத்துவேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுல. எனக்குத் தெரியும். காலையில எந்திரிச்சா அவன ஏசுததுக்காவது நா வேணும்."

டைட்டஸ் போர்வையை இழுத்து அவர் காலை மூடினான்.

"மூக்கனக் கூட்டிட்டு வால" என்றார்.

அவன் எழுந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பாடுபட்டுத் தன் கையால் கட்டின குரல், அழிக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? மனசை மாற்றிக்கொள்வது லேசு என்று சொல்லுகிறவர்கள் மாற்றிப் பார்க்காதவர்களாகத்தான் இருக்கும். நான் அவன் பக்கத்தில் போய்த் தலையில் கை வைத்தேன், வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. பேச்சியம்மாள் வந்தாள். "எப்பா டைட்டஸு, புதினா வாசலு போனாப் போவுது. அக்காட்ட நா சுவரு மேல எட்டிப் பேசிக்கிடுதேன். எங்க அண்ணன் நடந்தாப் போதும்" என்றாள். அவள் பின்னாலேயே சாகுல் பாய் வந்து நின்றார். "நெழலு என்ன பெரிய நெழலு, ரெண்டு சாக்கக் கட்டிவிட்டா நெழலு. நீ போடு வாப்பா. காலையில அவரு ஷட்டரத் தட்டாம எனக்கு யாவாரமே தொடங்க மாட்டேங்குது" என்றார்.

டைட்டஸ் உப்புண்டைப் போட உட்கார்ந்தான். நானும் பேச்சியும் பாயும் பின்னால் நின்றோம். திரையில் ஏதோ கேள்வி கேட்டது, அவன் கை நின்றது.

"என்னல கேக்கு?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடவான்னு கேக்கும்மா. இதுல ஹோம்னு ஒரு எடம் உண்டு. நம்ம சொந்தச் சாமானெல்லாம் அதுலதான் இருக்கும். அத விட்டுட்டு மத்தத மட்டும் மாத்தலாம்."

"ஹோம்னா வீடுதான?"

"ஆமா."

"இதுக்கு முன்னால என்ன செஞ்ச?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒவ்வொரு தடவையும் அதையும் சேத்துத்தாம்மா அழிச்சேன். புதுசுன்னா முழுசாப் புதுசா இருக்கணும்னு நெனச்சேன்."

வீட்டையா மகனே அழித்தாய் என்று நான் கேட்கவில்லை, அவனே கேட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. அழிக்க வேண்டாம் என்று அவன் ஒரு தட்டுத் தட்டினான். நாங்கள் எல்லோரும் வீடு எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ என்று ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தோம், ஆனால் வீட்டில் தூணே இல்லை, அதனால் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டோம்.

வீடு ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். அடுக்களை அதன் இடத்துக்கு நடந்து போனது, காலண்டர் அதன் ஆணிக்குப் போனது, முன்வாசல் பழைய வாசலாகவே, நிலைக்கட்டையில் என் வீட்டுக்காரர் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான அந்த இடம் உட்பட, அப்படியே வந்து நின்றது. ஆனால் பேச்சி கொடுத்த மண் அடுப்பு போகவில்லை, பாய் போட்ட பலகை போகவில்லை, உப்பளத்துக்குத் திறக்கிற பின்வாசலும் போகவில்லை, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் புதிதாக வந்திருந்தது. தெருவைச் சுற்றி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சி இப்போது தினமும் எங்கள் முன்வாசலில் நுழைந்து, ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, பின்வாசல் வழியாக அளத்துக்கு இறங்கிப் போகிறாள், எங்களுக்குப் பேச்சு முன்னைவிடக் கூடித்தான் போயிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தக் குரல் கேட்டது. "தூத்து. குடி மாநகரில் நாளை..."

"ஏல மூக்கா!" என்று என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "இத்தன நாளா எங்கல போயிருந்த? போயும் இன்னும் குடிய விடலியா நீ?"

டைட்டஸ் அடுக்களைக்கு வந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான், இவ்வளவு பெரிய பிள்ளை. இப்போதும் அவன் புதுசு புதுசாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், பார்க்காமல் இருக்க அவனால் முடியாது, ஆனால் அதை எல்லாம் ஒரு சின்னப் பென் டிரைவில் போட்டுப் பார்க்கிறான், அப்படிப் போடும்போது எங்கள் கோழிக் கூட்டின் வாசல் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, கோழிகளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

என் வீட்டுக்காரர் காலில் புண் ஆற நாளாயிற்று. நான் மருந்து போட்டுக் கட்டினேன், புதுச் செருப்பு ஒன்று வாங்கி முன்வாசலில் பழைய செருப்பு கிடந்த இடத்திலேயே வைத்தேன். ஒவ்வொரு காலையும் முழங்காலிலிருந்து எழுந்ததும் அந்தச் செருப்பைத்தான் பார்ப்பேன். அது அப்படியே கிடக்கும். அவர் கட்டிலில் இருந்தபடியே மூக்கனை ஏசிக்கொண்டிருப்பார், அது போதும் தாயே என்று சொல்லிப் பார்ப்பேன், போதாது என்று எனக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.

ஒரு நாள் ஜெபமாலையின் கடைசி மணியில் இருந்தேன். மூக்கன் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தான். உப்பு விலை ஏறியதைப் படித்தான், ஒரு மந்திரியின் பேரைக் கொலை செய்தான், கி புள்ளி மீ புள்ளி என்றான். ஏசுகிற சத்தம் வரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கட்டில் காலி. முதலில் பின்வாசலைப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. முன்வாசலைப் பார்த்தேன்.

செருப்பு இல்லை.

வாசலுக்கு ஓடவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்று காதை மட்டும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சாகுல் பாய் கடை ஷட்டர் டங்கென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் கெபிப் பக்கமிருந்து, மூக்கில் கிளிப் போட்ட மாதிரி ஒரு குரல், "தூத்து. குடி" என்றது, நாலைந்து பேர் கொல்லென்று சிரித்தார்கள், வீட்டுக்குள்ளே மூக்கன் கேட்க ஆள் இல்லை என்பது தெரியாமல் பேப்பரை முதலிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தான்.